ஐந்து சட்டி சுறா வறை

எனக்கு எண்பத்திரண்டு வயது. வளர்த்தது ஆறு பேர். பெற்றது ஐந்துதான், ஆறாவது என்று நான் சொல்வது என் தங்கச்சி றீற்றாவை. சரியாகச் சொன்னால் அவள்தான் முதலாவது. மற்ற ஐந்தும் அவளுக்குப் பிறகு வந்தவை.

போன கிழமை இந்தப் பத்தியில் கொட்டாஞ்சேனை நண்டைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டேன். அதைப் படித்துவிட்டு தெஹிவளையில் இருக்கிற எங்கள் சொந்தக்காரப் பிள்ளை ஒன்று போன் எடுத்தது.

“அன்ரி, நீங்கள் நண்டு இறால் ஒண்டும் தொடமாட்டீங்கள் எண்டெல்லோ சொல்லுவினம்? பிறகு எப்பிடி இப்பிடி வாயூறக் கதைக்கிறீங்கள்?”

சாப்பிடாதவளுக்குத்தான் பிள்ளை வாயூறும். சாப்பிட்டவளுக்கு ஏப்பம்தான் வரும்.

போனில் இதைச் சொல்லவில்லை, சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் நண்டு ஒன்றுமில்லை. நண்டை நான் எப்போதோ மறந்துவிட்டேன். மறக்க முடியாதது வேறொன்று. அதை இந்தக் கிழமை சொல்லிவிடுகிறேன்.

பாதி திறந்த கதவு

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம். என் மூத்தவன் பிறந்து பன்னிரண்டு நாள். எனக்குப் பால் காணாது. பிள்ளை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு, முகம் சிவந்து கத்துவான். முருங்கையிலை, உள்ளிப்பூண்டு, பால்கஞ்சி என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது.

காலை பத்து மணி இருக்கும். கதவில் தட்டுகிற சத்தம். தட்டின விதத்திலேயே றீற்றா என்று தெரிந்துவிட்டது. அவள் விரலால் தட்டமாட்டாள், வளையலால் தட்டுவாள்.

திறந்தேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை, வியர்த்து, மடியில் வைத்துக் கொண்டுவந்ததின் சுவடு பாவாடையில் வட்டமாகத் தெரிய நிற்கிறாள். கையில் ஒரு மண்சட்டி. மேலே மூடி, மூடிக்கு மேலே வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டு. கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டு பஸ் மாறி அந்தச் சட்டி வந்திருக்கிறது.

கட்டு அவிழ்க்கவில்லை. ஆனாலும் மணம் எனக்கு முன்னாலேயே வந்து நின்றுவிட்டது. மிளகு, உள்ளி, தேங்காய்ப்பூ, கறிவேப்பிலை. அதற்குள்ளே அவித்துப் பிசைந்த சுறா.

“அக்கா, அம்மா தந்துவிட்டவ. பால்சுறா வறை. ஆறமுதல் சாப்பிடட்டாம்.”

எங்கள் சனத்தில் பிள்ளை பெற்றவளுக்கு இதுதான் மருந்து. சின்னச் சுறாவை அவித்து, தோலை உரித்து, பிழிந்து, உதிர்த்து, மிளகும் உள்ளியும் போட்டு வறுத்துக் கொடுப்பார்கள். மூன்று நாளில் பால் சுரக்கும் என்பார்கள்.

நான் கதவைப் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

“இது இந்த வீட்டுக்குள்ள வராது, றீற்றா. செதில் இல்லாத மீன்.”

“உனக்குப் பால் இல்லையெண்டு அம்மா அழுறா அக்கா.”

“கர்த்தர் தருவார் எண்டு சொல்லு.”

“கர்த்தர் தந்ததைத்தானே அம்மா சமைச்சு விட்டிருக்கிறா.”

அவள் வாய் அப்படி. நான் படிக்கவில்லை, அவள் படித்தவள்.

உள்ளே ஹோலில் என் மாமி, மனுசனின் தாய், சாய்வுக் கதிரையில் இருக்கிறா. கையில் விசிறி. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த விசிறிச் சத்தம் நின்றுவிட்டது. மாமிக்குக் கேட்க வேண்டும் என்றே நான் சத்தமாகச் சொன்னேன்: “அசுத்தமானது. கொண்டு போ!”

றீற்றா குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, ஒரு வாய். இதில நிண்டே சாப்பிடு. நான் மறைச்சுக்கொண்டு நிக்கிறன்.”

நான் கதவைச் சாத்தினேன். என் மனுசன் வேலைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. இதை அவர் தலையில் போட எனக்கு விருப்பமில்லை. சாத்தினது என் கை.

மணம் மட்டும் மத்தியானம் வரைக்கும் வாசலில் நின்றது.

ஒரே கோப்பை

றீற்றாவை நான் வளர்த்தேன் என்று சும்மா சொல்லவில்லை. அம்மா கொட்டாஞ்சேனையில் ஒரு பெரிய வீட்டுக்குச் சமைக்கப் போனவ. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அவளுக்கு மூன்று. ஆராவது ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றேன். அவள் பெரிய வகுப்பு வரைக்கும் போனாள். எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் அவளின் கொப்பியைப் பார்த்து நானாகப் பிடித்ததுதான்.

அம்மா யாழ்ப்பாணத்துக் கரையோரத்தவ. மீன் என்றால் அவவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். நாங்கள் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் நண்டு. அப்பா படியில் இருந்து அம்மிக் குழவியால் நண்டுக்காலை உடைப்பார். எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே சாப்பாட்டுக் கோப்பை. பெரிய கால் அவளுக்கு. சின்னக் கால்களை நான் சூப்புவேன். அவள் தின்று முடிந்த பிறகு பார்த்தால், தன் பங்குச் சதையில் ஒரு துண்டை எடுத்துக் கோப்பை ஓரத்தில் எனக்கென்று வைத்திருப்பாள். ஒரு நாளும் வைக்காமல் விட்டதில்லை.

சிறகுள்ள மீன்

என் மனுசனை நான் விரும்பித்தான் கட்டினேன். அவர்களுடைய சபை சனிக்கிழமையில் ஆராதனை வைக்கிற சபை. பழைய ஏற்பாட்டுச் சட்டப்படிதான் சாப்பாடு. ஆடு, மாடு சாப்பிடலாம். அவை இரை மீட்கும், குளம்பும் பிளந்திருக்கும். பன்றி கூடாது, குளம்பு பிளந்திருந்தாலும் அது இரை மீட்காது. கடலில் என்றால் இரண்டு அடையாளம் வேண்டும். இரண்டும் இருந்தால் சுத்தம். ஒன்று குறைந்தாலும் அசுத்தம்.

அந்த இரண்டு அடையாளத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

கலியாணம் முடித்த புதிதில் அவர் எனக்கு அதை வாசித்துக் காட்டினார். சிறகும் செதிலும் இருக்க வேண்டும் என்று வந்தது. செதில் விளங்கியது. சிறகு? எனக்குச் சிறகு என்றால் காகத்துக்கு இருப்பது, கோழிக்கு இருப்பது. மீனுக்கு இருப்பதை எங்கள் வீட்டில் செட்டை என்றுதான் சொல்வோம். பழைய புத்தகத் தமிழில் அதைத்தான் சிறகு என்று எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு ஆர் சொல்லித் தந்தது?

கேட்கவும் வெட்கம். சந்தையில் போய், சிறகு வைத்த மீனைத் தேடினேன். இருந்தது! பறவை மீன். தண்ணீருக்கு மேலே பறக்குமே, நீட்டுச் சிறகு, அது. கர்த்தர் எவ்வளவு கடுமையானவர், கடல் முழுவதிலும் ஒரே ஒரு மீனைத்தானே விட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அதையே வாங்கினேன். குழம்பு வைத்தேன். பொரித்தேன். சொதி வைத்தேன்.

இரண்டு கிழமை பொறுத்துவிட்டு அவர் கேட்டார். “ஏனப்பா ஒவ்வொரு நாளும் இந்த மீன்?”

“வேற மீனுக்குச் சிறகு இல்லையே!”

அவர் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்து, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. மாமி சிரிக்கவில்லை. “கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு மீன் தெரியும். வேதம் தெரியாது,” என்றா.

அந்த ஒரு சொல். அன்றைக்கே நான் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்: இந்த வீட்டில் என்னைவிடச் சுத்தமாக ஒருவரும் இருக்க முடியாது. மாமியும்தான். அந்தக் கதவை நான் சாத்தினது கர்த்தருக்காக என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி கர்த்தருக்கு. பாதி அந்த விசிறிக்கு.

கொரபொத்து அம்மா

வெள்ளவத்தைச் சந்தையில் என் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. “கொரபொத்து அம்மா” என்றால் தெரியும். எந்த மீனைக் காட்டினாலும் நான் சிங்களத்தில் கேட்கிற முதல் கேள்வி, “கொரபொத்து தியெனவாத?” செதில் இருக்கிறதா என்று. மீன்காரப் பொடியன்கள் இறாலைத் தூக்கிக் காட்டிப் பகிடி பண்ணுவான்கள். “அம்மே, மேகட்ட கோட் எக்கக் தியெனவா!” இதுக்கு ஒரு கோட்டே இருக்கு அம்மா என்று.

இப்போது நாங்கள் இருக்கிற தொடர்மாடியில் ஒரு தளத்தில் நாலு வீடு. எதிர் வீட்டு முஸ்லிம் பிள்ளை இறால் பொரிப்பாள், பன்றி என்ற சொல்லைக்கூடச் சொல்லமாட்டாள். பக்கத்து யாழ்ப்பாணத்து மாஸ்டர் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டையும் இல்லை. மூலை வீட்டுக் கத்தோலிக்கர் நத்தார்ப் பண்டிகைக்குப் பன்றிக் கறி வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்துவார்கள், எங்கள் எல்லோருக்கும் மரியாதையாக. ஒருவர் வீட்டுப் பலகாரம் மற்றவர் வீட்டுக்குப் போகும். பலகாரத்தில் மட்டும் ஒரு வேதத்துக்கும் சண்டையில்லை.

சபைக்குள்ளேயே சண்டை வந்த கதையும் உண்டு. அறக்குளா மீனுக்குச் செதில் இருக்கிறதா இல்லையா? ஒரு பக்கம் இருக்கிறது என்றது, மறு பக்கம் இல்லை என்றது. மூப்பர் ஒருவர் ஒரு அறக்குளாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கடைசியில், சின்ன வயதில் அதற்குச் செதில் உண்டு, பிடிபடும்போது கொட்டிவிடும், ஆகவே சுத்தம் என்று தீர்ப்பு.

இதை நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கொண்டையை அவிழ்த்துக் காட்டினா. “எனக்கும் சின்னனில மயிர் இருந்ததுதான், இப்ப கொட்டிட்டுது. உங்கட மூப்பரிட்டக் கேள், நான் சுத்தமோ அசுத்தமோ எண்டு.”

நான் சிரிக்கவில்லை. அப்போது எனக்கு அம்மாவோடு சிரிக்க முடியாமல் இருந்தது. அது ஏன் என்று சொல்கிறேன்.

அம்மா கண்ணடித்தா

மூத்தவனுக்கு மூன்று மாதம் ஆகும்போது அம்மா வந்தா. அதற்குள் எனக்குப் பால் வந்துவிட்டது. பிள்ளை கொழுகொழு என்று இருந்தான். அம்மா அவன் தொடையைக் கிள்ளி, “சுறாத் துடை!” என்றா. மாமிக்குக் கேளாமல், எனக்கு மட்டும். என்னைப் பார்த்து ஒரு கண்ணை அடித்தா.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. நான் திருப்பி அனுப்பின சட்டியைக் குத்திக் காட்டுகிறா என்று நினைத்தேன்.

அடுத்தடுத்த பிள்ளைக்கும் அப்படியே. ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கி மணந்து பார்த்துவிட்டு அதே கண்ணடி. மூன்றாவதுக்கு எனக்குப் பொறுக்கவில்லை. “அம்மா, இனி இந்த வீட்டில சுறாக் கதை கதைக்க வேண்டாம்” என்று முகத்தில் அடித்தமாதிரிச் சொல்லிவிட்டேன். அம்மா கோபிக்கவில்லை. விரலை உதட்டில் வைத்து, “சரி சரி, கதைக்கேல்லை,” என்று தலையை ஆட்டினா. அதையும் நான் நக்கல் என்றே எடுத்தேன்.

அந்த நாட்களில் பிள்ளை பார்க்க றீற்றாவும் வருவாள். சட்டி கொண்டுவரமாட்டாள். பன் புல்லால் பின்னின பை ஒன்று மட்டும் தோளில் இருக்கும். என் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருப்பாள். அவள் கையில் மிளகும் உள்ளியும் மணக்கும். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைப்பேன். பிள்ளையை வாங்குகிற சாட்டில் அவள் கைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய், ஒரு மூச்சு இழுத்துக்கொள்வேன். இதை நான் இதுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அம்மா சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது, “பிள்ளைக்காகச் செய்தது பாவம் இல்லை மோளே. நீ பயப்பிடாத.” கதவைச் சாத்தினதை மன்னித்துவிட்டா என்று நினைத்தேன். மன்னிப்பு எனக்குத் தேவையில்லை என்றும் நினைத்தேன். அவ்வளவு திமிர்.

றீற்றா சொன்னது

இனி வருவது போன மழைக்காலத்துக் கதை.

றீற்றாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கலியாணம் கட்டி எத்தனையோ டொக்டரிடம், எத்தனையோ கோயிலுக்குப் போனாள், தங்கவில்லை. புருசனும் போய்ச் சேர்ந்துவிட்டார். கொட்டாஞ்சேனையில் கோயில் மணி கேட்கிற தூரத்தில், மாடி வீட்டில் தனியாக இருந்தாள். வயது எழுபத்தேழு. மருந்து வேலை செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை. கிழமையில் மூன்று நாள் நான் திரீவீல் பிடித்துப் போய்ப் பார்ப்பேன்.

நான் கொண்டுபோன கஞ்சியை அன்றைக்கும் தள்ளிவிட்டாள்.

“உனக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லன்.”

“சொன்னா நீ எழும்பிப் போயிடுவாய்.”

“சொல்லடி.”

“சுறா வறை.”

 அவள் பல்லில்லாத வாயால் சிரித்தாள். “ஐஞ்சு சட்டி திண்டிட்டன் அக்கா. ஆறாவதுக்கு ஆசையாக் கிடக்கு.”

“என்ன ஐஞ்சு சட்டி?”

கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அண்டைக்கு நீ கதவைச் சாத்தினாப் பிறகு நான் வீட்ட போகேல்லை. ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக் கல்லில போய் இருந்தனான். நிறைஞ்ச சட்டியோட திரும்பிப் போனா அம்மா தாங்கமாட்டா. கடலில கொட்டவும் மனம் வரேல்லை, விடியக் காலம எழும்பிச் செய்தவ. அதால நானே திண்டனான். முழுக்க. அழுது அழுது. காகம் எல்லாம் சுத்தி நிண்டு பாக்குது.”

“அம்மாட்ட என்ன சொன்னனீ?”

“அக்கா சட்டியை வழிச்சுத் திண்டவ, மாமிக்குத் தெரியக்கூடாதாம், ஒருத்தரிட்டையும் சொல்ல வேண்டாமாம் எண்டு.”

கோயில் மணி அடித்தது. அவள் கையால் சிலுவை போட்டுக்கொண்டாள். 

“அதுக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா சட்டியைத் தந்துவிடுவா. நான் கல்லில இருந்து திண்டு, சட்டியைக் கடல் தண்ணியில கழுவி, பையுக்குள்ள வைச்சுக்கொண்டு உன்ர வீட்ட வருவன். நாலாவதுக்கு நல்ல மழை. ரயில் ஸ்டேசனுக்குள்ள இருந்து திண்டனான். ஒரு மனிசி மணத்தைப் பிடிச்சிட்டா. ‘பிள்ளை பெத்து எத்தினை நாள் மோளே?’ எண்டு கேட்டா.”

“நீ என்ன சொன்னனீ?”

“ஒம்பது நாள். பெண்பிள்ளை எண்டனான்.” அவள் என் பக்கம் திரும்பவில்லை. “பேரும் சொன்னனான். நீ வைச்ச பேரைத்தான்.”

அப்போது அவள் கலியாணம் கட்டி ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது.

நான் எழும்பி ஜன்னலடிக்குப் போனேன். கீழே பஸ் ஓடுகிறது, சனம் போகிறது. எனக்கு அம்மாவின் கண்ணடிதான் தெரிந்தது. அம்மா ஒரு நாளும் என்னைக் குத்தவில்லை. பிள்ளைக்காக நான் வேதத்தை மீறித் தின்றேன் என்று நம்பிக்கொண்டு, அதை மாமியிடம் இருந்து மறைத்துக் காப்பாற்றிக்கொண்டு, எனக்கும் அவவுக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருக்கிறது என்று சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறா. அந்த ரகசியத்துக்குள் அவ கடைசி வரைக்கும் தனியாக இருந்திருக்கிறா.

“ஏனடி எனக்கு இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

“அம்மா போனாப் பிறகு சொல்லி என்ன பிரயோசனம்? முதலே சொல்லியிருந்தா அம்மாட்டப் போய் உண்மையைச் சொல்லியிருப்பாய். நீதான் பொய் சொல்லாத ஆளெல்லோ.”

செதில் இல்லை, தெரியும்

இரண்டு நாள் யோசித்தேன். பாஸ்டரிடம் கேட்கவில்லை. பிள்ளைகளிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயத்தில்தான் கேட்கவில்லை.

ஐம்பத்தொன்பது வருடம் நான் இந்தச் சட்டத்தைக் காத்திருக்கிறேன். அதை இளக்காரமாக ஒருவரும் நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியிலும் காத்தேன், செத்த வீட்டிலும் காத்தேன். தொடக்கத்தில் அது மாமிக்காக இருந்தாலும், போகப் போக அது எனக்கும் கர்த்தருக்கும் நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கல் இல்லாத பழக்கமாகிவிட்டது. ஒரு வாய் வைக்க முன் அவரை நினைப்பது. என்னைப்போலப் படிக்காதவளுக்கு அதுதான் செபம்.

மூன்றாம் நாள் காலை சந்தைக்குப் போனேன். மீன்காரச் சுனில் என்னைக் கண்டதும் ஒரு பாரை மீனைத் தூக்கி, செதிலைக் கத்தியால் கிளப்பிக் காட்டினான். அவன் அப்பாவிடமும் நான் மீன் வாங்கினவள்.

நான் பக்கத்தில் கிடந்த சின்னச் சுறாவைக் காட்டினேன்.

“அத மொகத உனே அம்மே?” இன்றைக்கு என்ன நடந்தது அம்மா என்று கேட்டான். “மேகே கொரபொத்து நே!”

அக்கம்பக்கத்துக் கடைக்காரரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். இதில் செதில் இல்லை என்று எனக்கே சொல்லித் தருகிறான்.

“தன்னவா புத்தே,” என்றேன். தெரியும் மகனே.

அவன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பையாகப் போட்டு, முடிச்சும் இரண்டு போட்டுத் தந்தான்.

றீற்றாவின் குசினியில்தான் சமைத்தேன். அவளைக் கதிரையில் தலையணை வைத்துக் குசினி வாசலில் இருத்தினேன். செய்முறை எனக்குத் தெரியாது, பாருங்கோ. அம்மா செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்தான்.

“முதல்ல அவி. மஞ்சள் போடு. தோல் தானாக் கழரும். அவிக்க முதல் ஒருக்காத் தடவிப் பார் அக்கா. வால் பக்கம் இருந்து தலைப் பக்கமாத் தடவு.”

தடவினேன். அரம் மாதிரிக் கையைப் பிடித்தது.

“செதில் மாதிரிக் குத்துதெல்லோ? உங்கட மூப்பரிட்டச் சொன்னா இதையும் சுத்தம் எண்டு எழுதித் தருவார்.”

எனக்கும் அப்படி ஒரு நினைப்பு ஓடினதுதான். ஆனால் நான் சாட்டுத் தேடவில்லை. அசுத்தம் என்றால் அசுத்தம்தான். அதைத் தெரிந்துகொண்டுதான் கையில் எடுத்தேன்.

அவித்தேன். உரித்தேன். பிழிந்து உதிர்த்தேன். வெங்காயம், உள்ளி, மிளகு, கறிவேப்பிலை. தேங்காய்ப்பூ விழுந்ததும் அந்த மணம் எழும்பியது. அந்த ஒழுங்கை வாசலில் நின்ற அதே மணம். 

“உப்புப் பார்,” என்றாள், பழக்கத்தில். சொன்ன உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து அவள் வாயடியில் நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தாள்.

“உப்புக் காணாது. பயந்து பயந்து போட்டிருக்கிறாய்.”

போட்டேன். சோற்றில் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டினேன். மூன்று வயதில் ஊட்டின அதே மாதிரி. ஒரு கிழமையாகக் கஞ்சித் தண்ணீர் இறங்காத தொண்டையில் ஒவ்வொன்றாக இறங்கியது.

“அம்மான்ர மாதிரி வந்திருக்கோ?”

“தெரியாது. அம்மான்ரய நான் ஐஞ்சு தரமும் அழுது அழுதுதான் திண்டனான். இதுதான் ருசி தெரியுது.”

கோப்பையில் கடைசிப் பிடி. அதையும் உருட்டினேன். அவள் வாய் மூடியிருந்தது. கை கொஞ்ச நேரம் நடுவில் நின்றது. அவளுக்குத்தான் உருட்டினேனா என்று என்னைக் கேட்க வேண்டாம்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு மட்டும்தான், ஆனால் பிடி இறுக்கம்.

“நீ வேண்டாம் அக்கா. உனக்குப் பதிலாத் திண்டு எனக்குப் பழக்கம்.”

அந்தக் கையை அப்படியே தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

சாயந்தரம் வரைக்கும்

“கையைக் கழுவு,” என்றாள். “பிறகு,” என்றேன்.

அசுத்தமானதின் செத்த உடலைத் தொட்டவர் சாயங்காலம் வரைக்கும் தீட்டு என்று வேதத்தில் உண்டு. என் மனுசன் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அது மிருகத்துக்கு மட்டும் சொன்னதோ, மீனுக்கும் சேர்த்தோ என்று கேட்க இன்றைக்கு அவர் இல்லை. ஆனால் ஒரு நாளும் கவனிக்காத ஒன்றை அன்றைக்குத்தான் கவனித்தேன். சாயங்காலம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு இல்லை.

திரீவீலில் வலது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தேன். வீட்டில் இடது கையால் தேத்தண்ணி குடித்தேன். ஜன்னலடியில் இருந்து, அடிக்கடி கையை முகத்தடிக்குக் கொண்டுபோனேன். மிளகு, உள்ளி, சுறா. இந்த முறை ஒருவரிடமும் களவாக மணக்கவில்லை. என் கை.

ரயில் போனது. வெயில் கடலுக்குள் இறங்கியது. எழும்பிப் போய்க் கையைக் கழுவினேன். வேதம் எவ்வளவு நேரம் தந்ததோ, அவ்வளவு நேரமும் வைத்திருந்தேன். ஒரு நிமிசம் குறைக்கவில்லை.

றீற்றா அதற்கு மூன்றாம் கிழமை போய்விட்டாள். அந்த மண்சட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதில் நான் ஒன்றும் சமைப்பதில்லை.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்ல எழுதினது என் பேத்தி ஷெரின். அவள் பேனையை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“அம்மம்மா, சபை ஆக்களும் இதை வாசிப்பினமே. அனுப்பவோ?”

“அனுப்பு. அதுக்கு முதல் ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு.”

“முதல்ல இருந்தோ?”

“இல்லைப் பிள்ளை. உப்புக் காணாது எண்டு அவள் சொல்லுறாளே, அதில இருந்து வாசி.”